மலையேறிய உப்புக்கட்டிகள்

வெல்டர் முதலில் அதை ஒரு வாரத்துக் கூத்து என்றுதான் நினைத்தார். அவருடைய மச்சான் லாயத்துப் பரணிலிருந்து வைக்கோல் கட்டோடு சேர்ந்து கீழே விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பூங்காவில் சவாரி வண்டி இழுக்கிற அவருடைய குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "நான் இருக்கேனே" என்று கிளம்பினாள் தங்கை. தங்கை என்றால் வெல்டரின் மனைவி. தொழில் தையல். பிறந்ததிலிருந்து ஊசியும் நூலுமாகவே இருந்தவள். சின்ன வயதில் அண்ணனோடு லாயத்துக்குப் போனதுகூடக் கிடையாது.

"உனக்குக் குதிரைக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னாவது தெரியுமா?" என்று கேட்டார் வெல்டர்.

"கடிக்கிறது முன்பக்கம், உதைக்கிறது பின்பக்கம். போதாதா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் எதைச் செய்தாலும் இப்படித்தான். வாய் விளையாடும், கண் மட்டும் வேலையில் இருக்கும். சட்டை தைக்க வருகிறவர்களை டேப் வைத்து அளப்பதற்கு முன்னாலேயே ஒரு பார்வையில் அளந்து முடித்திருப்பாள். இந்தத் தோள் கொஞ்சம் இறக்கம், இந்தக் கை கொஞ்சம் நீளம் என்று அவளுக்குள்ளே கணக்கு ஓடும். லாயத்துக்குள் நுழைந்ததும் அந்தக் கண்ணைத்தான் அவள் குதிரைகள் மேல் போட்டாள்.

முதலில் கண்ணில் பட்டது சுவர். கட்டுத்தறிக்கு எதிரே சுண்ணாம்புப் பூச்சு, குதிரையின் வாய் எட்டுகிற உயரத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. மரத்தூணில் பல் பதிந்த தடம். முற்றத்தில் வாயாடி என்கிற குதிரை, காரணமில்லாமல் கனைத்துக்கொண்டே இருப்பதால் வந்த பெயர் அது, புல்லை விட்டுவிட்டு மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. அவள் வேர்த்து விறுவிறுத்து வேலை பார்க்கும்போது ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து முழங்கையை நக்கின.

அன்று சாயந்திரம் அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உன் குதிரைங்க என்மேல உசுரா இருக்குதுங்க. வந்து வந்து கையை நக்குதுங்க."

"பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றது போன். "உன் வேர்வையில இருக்கிற உப்பைத் தேடுதுங்க. அய்யோ, உப்புக்கட்டி தீர்ந்துபோச்சு, வாங்கணும்னு நெனச்ச அன்னிக்குத்தான் விழுந்தேன். சுத்தமா மறந்துட்டேன். நாளைக்கே வாங்கிப் போடு."

"உப்பு இல்லாட்டி என்ன ஆகும்?"

"உனக்குச் சோறு இறங்குமா? அது மாதிரிதான். நாய் பூனை மாதிரி இல்ல இது. குதிரை நம்மள மாதிரியே உடம்பெல்லாம் வேர்க்கிற ஜென்மம். வேர்த்தா உப்பு போகும். புல்லுல அது கிடைக்காது. நாமதான் குடுக்கணும்."

மறுநாள் அவள் தீவனக் கடைக்குப் போனாள். கடைக்காரர் குனிந்த தலை நிமிராமல் ஒரு பழுப்புக் கட்டியைத் தூக்கி முன்னால் வைத்தார். "கட்டின்னா கட்டிதாம்மா. மாடு நக்கினா என்ன, குதிரை நக்கினா என்ன" என்றார். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து, அது நழுவாமல் முழங்காலால் அணைத்துக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தாள். உறையைப் பிரித்துத் தொட்டியில் வைக்கப் போகும்போது, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அண்ணனைக் கூப்பிட்டாள். உறையில் ஒரு மாட்டுத் தலை படம் போட்டிருப்பதைச் சொன்னதுதான் தாமதம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாராம்.

"எடு! எடு முதல்ல! மாட்டுக் கட்டி சிலதுல மருந்து கலந்திருப்பாங்க. மாட்டுக்கு அது நல்லது பண்ணும். குதிரைக்கு நெஞ்சை நிறுத்திடும்!"

வாயாடியின் நாக்கு கட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் கட்டியை இரண்டு கையாலும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு லாயத்தை விட்டே வெளியே ஓடினாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வெல்டரிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். சாப்பிட்டு எழுந்ததும் அந்த மாட்டுப்பட உறையை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

சரியான கட்டிகள் வந்தன. வெள்ளையாகச் சுத்த உப்பு ஒன்று, செங்கல் நிறத்தில் தாது உப்பு ஒன்று. போட்டு முடித்தோம் என்று அவள் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஏனென்றால் லாயத்தில் மகாராணி என்று ஒரு கறுப்புப் பெண் குதிரை இருந்தது. பட்டம் கட்டாத குறை. இரண்டு கட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, காதைப் பின்னால் மடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் பின்புறத்தைக் காட்டியது. தான் நக்கவும் இல்லை, மற்றவர்களை நக்க விடவும் இல்லை. லாயத்திலேயே பலசாலியான குண்டன்கூட, ரேஷன் கடையில் நிற்பதுபோல் தூரத்தில் ஒதுங்கி நின்றான்.

அவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டே அதையெல்லாம் பார்த்தாள். பிறகு நேராக வெல்டரின் பட்டறைக்கு வந்தாள்.

"ஏங்க, எனக்குக் கொஞ்சம் கூடு செஞ்சு குடுங்க. உப்புக்கட்டி உட்காருற மாதிரி. சுவத்துல மாட்டணும். ஒரு கூட்டுல இருந்து பார்த்தா இன்னொண்ணு தெரியாத மாதிரி மூலைக்கு மூலை மாட்டப் போறேன். ஒருத்தி எத்தனை மூலையில காவல் நிப்பா?"

"பூங்காக்காரங்க கேட் ஒண்ணு பாதியில நிக்குது."

"கேட் எங்கேயும் ஓடிப் போயிடாது."

அவர் கம்பியை வளைத்து, மூலைக்கு ஆங்கிள் இரும்பு வைத்து, ஒரு மத்தியானத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். தன் வேலையில் அவருக்குப் பெருமை உண்டு. அவளோ ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கையை விட்டு, மணிக்கட்டின் உட்புறத்தை வைத்து மெல்லத் தடவிப் பார்த்தாள். பட்டுத்துணி தைக்கும்போது மேஜையில் சிராய் இருக்கிறதா என்று அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"இங்க ஒரு பிசிறு இருக்கு. இங்கயும்."

"அது கண்ணுக்கே தெரியாதுடி!"

"நாக்குக்குத் தெரியும்ங்க."

அவருக்குச் சுருக்கென்றது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கிரைண்டரைப் போட்டார். கடைசிப் பிசிறைத் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும், யாரும் பார்க்காத நேரத்தில், தன் நாக்கின் நுனியை அந்தக் கம்பியில் வைத்துப் பார்த்தார். முதலில் நாக்கைக் கீறியது; தேய்த்தபிறகு இரும்பு வாடை அடித்தது, ஆனால் வழுவழுவென்று இருந்தது. அவள் சொன்னது சரிதான் என்று அப்போதே அவருக்குப் பட்டது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

கூடுகள் மாட்டிய பிறகு லாயத்தின் முகமே மாறியது. மகாராணி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அலைந்து, கடைசியில் வெறுத்துப்போய், தனக்கென்று ஒரு கூட்டைப் பிடித்துக்கொண்டு அமைதியானது. குண்டன் வெள்ளைக் கட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நக்குவான். வாயாடி நக்கமாட்டான், கடித்துத் தின்னப் பார்ப்பான். அவன் கூட்டை மட்டும் அவள், பல் எட்டாமல் நாக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் மாட்டினாள். சாம்பலி என்கிற கிழட்டுப் பெண் குதிரை கட்டிப் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் யோசித்து, அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கில் பழைய வெட்டுத் தழும்பு. கட்டியின் சொரசொரப்பு அதற்கு ஆகவில்லை. அன்றிலிருந்து சாம்பலிக்கு மட்டும் பொடி உப்பை ஈரத் தீவனத்தில் பிசைந்து கொடுத்தாள். "ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு அளவு" என்றாள் வெல்டரிடம். "ரெடிமேட் சட்டை எல்லாருக்கும் பொருந்துதா என்ன?"

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார், ஆனால் படுக்கைதான். கூத்து ஒரு வாரத்தைத் தாண்டி மாதக்கணக்கில் போனது. அப்புறம் மழை வந்தது.

சாதாரண மழை இல்லை. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே மூச்சாகக் கொட்டியது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு உண்டு. அங்கே போகிற ஒரே தார்ச்சாலையை மண்சரிவு அடித்துக்கொண்டு போய்விட்டது. மழை நின்றபின் பார்த்தால் சாலை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம். லாரி போகாது, ஜீப் போகாது. அந்தச் சரிவில் இறங்கச் சமதரை இல்லாததால் ஹெலிகாப்டரும் வரவில்லை. மேலே சர்க்கரை நோயாளிகள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். பழைய ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் மிச்சம்.

மீட்பு வேலைக்கு வந்த ஆபீசர் லாயத்தின் வாசலில் வந்து நின்றார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு, ஷூவிலிருந்து முழங்கால் வரை சேறு. "அம்மா, உங்க குதிரைங்க பொதி சுமக்குமா?"

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "சுமந்ததில்ல சார். ஆனா சுமக்கும்."

அண்ணனுக்குப் போன் போட்டுச் சம்மதம் வாங்கினாள். "மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார் அவர். அன்றைக்கு முழுக்கத் தையல் மெஷின் ஓடியது. கித்தான் துணியை வெட்டி, பழைய கம்பளியை உள்ளே வைத்து, ஒவ்வொரு குதிரையின் முதுகுக்கும் ஏற்றபடி பொதிப் பைகள் தைத்தாள். வெல்டர் கொக்கிகள் அடித்துக் கொடுத்தார். இந்தத் தடவை அவள் சொல்வதற்கு முன்னாலேயே அவர் பிசிறைத் தேய்த்துவிட்டார்.

விடிந்ததும் பொதி ஏற்றினார்கள். மருந்துப் பெட்டி, பால்பவுடர், அரிசி, பருப்பு. எல்லாம் ஏற்றி முடிந்தபிறகு அவள் இரண்டு பெரிய உப்புக்கட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பை பொடி உப்பும்கூட.

"அம்மா, சாமான் ஏத்தவே இடமில்ல," என்றார் ஆபீசர், பொறுமையாகத்தான். "இதுங்களுக்கு உப்பு மேல போனதும் குடுக்கக்கூடாதா?"

"மேல போய்ச் சேரணும்ல சார். நாம கைல தண்ணி பாட்டில் வச்சிருக்கோமே, அதை மேல போய்க் குடிச்சுக்கலாம்னா விடுறோமா?"

ஆபீசர் அவளையும் கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கட்டியைத் தானே வாங்கித் தன் முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை வெல்டர் வாங்கிக்கொண்டார்.

மழைக்கப்புறம் அடிக்கிற வெயிலைக் கேட்கவா வேண்டும். மண்ணிலிருந்து ஆவி எழும்பி, மூச்சு விடுவதே ஈரத்துணி வழியாக விடுவதுபோல் இருந்தது. பாதை சில இடங்களில் ஒரு ஆள் அகலம்தான். பூங்காவில் ஐஸ்கிரீம் வண்டிக்கு மிரளுகிற குதிரைகள், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு குளம்பாக எடுத்து வைத்து ஏறின. முன்னால் மகாராணி. அந்த அதிகாரம் இப்போதுதான் உபயோகப்பட்டது. அது துணிந்து போன இடமெல்லாம் மற்றவை பின்னால் போயின. வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை. அவற்றின் கழுத்தில் வேர்வை நுரைத்து வழிந்து, காய்ந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. வெல்டர் அதைப் பார்த்துக்கொண்டே ஏறினார். இதுகளுக்கு யார் சொன்னார்கள், மேலே பிள்ளைகள் பாலுக்குக் காத்திருக்கின்றன என்று? ஒன்றும் தெரியாமலே இவ்வளவு பாடுபடுகின்றனவே என்று நினைத்தார்.

பாதி தூரத்தில் ஒரு ஓடை வந்தது. மழைத் தண்ணீர் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தலையைக் குனிந்து குடித்தன. குண்டன் மட்டும் குடிக்கவில்லை.

மருந்துப் பெட்டி குண்டன் முதுகில்தான் இருந்தது. அவன்தான் பலசாலி என்று அவனுக்குத்தான் அதிகமாக ஏற்றியிருந்தார்கள். அவன் ஓடைக்குள் முன்னங்காலை வைத்துக்கொண்டு, தண்ணீர் யாருக்கோ வந்ததுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். விலாவில் தோல் துடித்தது.

"தாகம் இல்ல போலிருக்கு, கிளம்பலாம்," என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"யாரும் அசையாதீங்க," என்றாள் அவள்.

கையை அவன் கழுத்தில் வைத்தாள். தோலைக் கிள்ளி விட்டாள். அது உடனே படியாமல் மெதுவாகத்தான் படிந்தது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினாள்; வெளுத்த இடம் மறுபடி சிவக்க நேரம் பிடித்தது. பிறகு பொதியை இறக்கச் சொன்னாள்.

ஆபீசர் பக்கத்தில் வந்தார். "அம்மா, மேல மருந்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"தெரியும் சார். இவன் விழுந்தா மருந்தும் இங்கேயேதான் கிடக்கும். கொஞ்ச நேரம் குடுங்க." அவள் குரல் உயரவில்லை. "ரொம்ப வேர்த்துட்டான். உப்பு உடம்பை விட்டுப் போயிட்டா இதுங்களுக்குத் தாகமே தெரியாதாம். தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே காய்ஞ்சு போகும்னு எங்கண்ணன் சொல்லியிருக்கு. தண்ணி பக்கத்துல இருக்கு, அந்தத் தைரியத்துலதான் இப்பக் குடுக்குறேன்."

அவள் பொதி இறக்கின முதுகில் ஓடைத் தண்ணீரைச் சேந்திச் சேந்தி ஊற்றினாள். உள்ளங்கையை நனைத்துப் பொடி உப்பைக் கொஞ்சம் எடுத்து நீட்டினாள். குண்டன் முகர்ந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையை எடுக்கவில்லை, அவன் வாயில் திணிக்கவும் இல்லை. ஓடைக்குள் முழங்கால் தண்ணீரில், கையை நீட்டினது நீட்டினபடி நின்றாள். யாரோ பின்னால் பெருமூச்சு விட்டார்கள். ஆபீசர் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, அவசரமே இல்லாதவர்போல் சேற்றைத் தட்டினார். அது மற்றவர்களுக்குச் சொன்ன பதில் என்று வெல்டருக்குப் புரிந்தது.

அவர் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் இப்படி நின்று அவர் பார்த்ததில்லை. இவளா நேற்றுவரை ஊசி கோர்க்க வெளிச்சம் போதவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவள்?

குண்டன் தலையைத் திருப்பினான். உதடு அவள் விரலைத் தொட்டது. பிறகு நாக்கு வந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. உள்ளங்கை முழுவதும் நக்கித் தீர்த்தான். அவள் இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள், அதையும் நக்கினான். அப்புறமும் அவள் அவசரப்படவில்லை. முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமலே, குண்டன் தலையைத் தாழ்த்தி மூக்கைத் தண்ணீரில் வைத்தான். மடக் மடக்கென்று தொண்டையில் தண்ணீர் இறங்குவது வெளியே தெரிந்தது. நிறுத்தி மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் குடித்தான்.

பாறையிலிருந்த ஆபீசர் எழுந்து கைதட்டிவிட்டார். தட்டியபிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "நான் ஒரு கட்டியை இங்கேயே வச்சுடவா?" என்று கேட்டுத் தன் பையைத் திறந்தார்.

"வையுங்க சார். நாளைக்கும் இதே வழிதானே."

குண்டனின் சுமையைப் பிரித்து மனிதர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். மருந்துப் பெட்டியை வெல்டரே தோளில் வைத்துக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருக்கவில்லை. குடியிருப்பின் முதல் வீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தையோடு ஓடிவந்து, மகாராணியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கர்வக்காரி காதை மடிக்காமல் நின்றது.

அதற்குப்பிறகு சாலை சீராகும்வரை அவர்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஓடையில் நின்று, உப்பு கொடுத்து, தண்ணீர் காட்டி, அதன்பிறகுதான் மேலே. ஒரு குதிரைகூடச் சோர்ந்து படுக்கவில்லை. சாம்பலியைக் கீழேயே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு அது கோபித்துக்கொண்டு தொட்டியை உதைத்தது.

அப்படி ஒரு நாள் மேலே ஏறியபோதுதான் வெல்டர் அதைப் பார்த்தார். குடியிருப்பின் தெருவில் ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு கிண்ணம். சில வீட்டில் எவர்சில்வர், சில வீட்டில் உடைந்த பீங்கான், ஒரு வீட்டில் டப்பா மூடி. அருகிலே ஒரு வாளித் தண்ணீர். கிண்ணத்துக்குள் சமையல் உப்பு.

முதல் நாள் மேலே வந்து சேர்ந்ததும் அவள் குதிரைகளுக்கு உப்பு கொடுத்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் ஜாடியிலும் இருந்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். கீழேயிருந்து வந்த சாமான்களில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. உப்பு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. இருந்த கொஞ்சத்தையும் இப்படி வாசலில் வைத்தால் அவர்கள் எதைப் போட்டுச் சமைப்பார்கள்?

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்றாள். "யாருங்க இந்த யோசனை சொன்னது? நீங்க என்ன உப்பில்லாமலா சாப்பிடுறீங்க? எடுங்க உள்ளே! எல்லாத்தையும் எடுங்க!"

ஒரு வீட்டு வாசலில் வயதான ஒருவர் சிரித்தார். "நாங்க மலையேறி இறங்கலையேம்மா. அதுங்கதானே ஏறுதுங்க. நாலு நாள் சப்புன்னு தின்னா நாங்க செத்தா போயிடுவோம்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குதிரைகளை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு நக்கு நக்க விட்டாள். ஒரு வீட்டையும் தாண்டிப் போகவில்லை. மிச்சத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மறுநாள் முதல் பொதியே சமையல் உப்புதான். ஆபீசரே மூட்டையைத் தூக்கி வைத்தார்.

இறங்கி வரும் வழியில் வெல்டர் அவள் பக்கத்தில் நடந்தார்.

"அந்தக் கூடு," என்றார். "நீ பிசிறுன்னு சொன்னியே. இருந்துச்சு. நான் நாக்கை வச்சுப் பார்த்தேன்."

அவள் நின்று அவரைப் பார்த்தாள். "கம்பியையா நக்கினீங்க?"

"ஆமா."

அவள் சிரித்த சிரிப்பில் மகாராணி திரும்பிப் பார்த்தது.

சாலை ஒருவழியாகத் திறந்தது. மச்சானும் கைத்தடியோடு எழுந்து நடமாட ஆரம்பித்தார். ஒரு காலையில் லாயத்துக்கு வந்து, ஒவ்வொரு கூடாகத் தடியால் தட்டிப் பார்த்தார். வாயாடிக்கு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார். தங்கை காரணம் சொன்னாள். சாம்பலிக்கு ஏன் கூடே இல்லை என்று கேட்டார். அதற்கும் சொன்னாள். "நாக்குல தழும்பா? இத்தனை வருஷமா என் கண்ணுல படலையே" என்று அவர் அந்தக் கிழவியின் கன்னத்தைத் தடவினார். பிறகு, "நீ ரொம்ப சிரமப்பட்டுட்டம்மா. நாளையிலிருந்து நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சரிண்ணே," என்றாள் அவள்.

மறுநாள் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். குழம்பில் காரம் கூடிவிட்டது. வெல்டர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் காலையில், மாதக்கணக்கில் தள்ளிப்போன பூங்காக் கேட்டின் கடைசிக் கம்பியை அவர் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மாப்ள, அவளைக் கொஞ்சம் அனுப்பி வைங்க. இந்த மகாராணி என்னை உள்ளேயே விடமாட்டேங்குது. காதை மடிச்சுக்கிட்டு நிக்குது."

"உங்களையா மச்சான்? அதைக் குட்டியில இருந்து வளர்த்தது நீங்கதானே?"

போனில் பின்னால் வாயாடி கனைப்பது கேட்டது.

"அதெல்லாம் எதுக்கு மாப்ள கேக்குறீங்க," என்றார் மச்சான். "விடலைன்னா விடலை. தினமும் ஒரு வேளை அவ வந்தாத்தான் இங்க ஆகும்னு சொல்லுங்க."

வெல்டர் வீட்டுக்குள் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். தோளில் டேப் தொங்கியது, ரவிக்கையில் குத்தின ஊசி அப்படியே இருந்தது. ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். அது அவர் கையில் இருந்தது.

"குடுங்க."

"பின்னாடி உட்காரு. நானும் வரேன்."

"உங்க கேட்?"

"அது எங்கேயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். வழியில் தீவனக் கடையில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். குதிரைக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்த கட்டிகளைக் கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே எடுத்து வெளியே வைத்தார். அவள் ஒவ்வொன்றின் உறையையும் திருப்பித் திருப்பிப் படிக்கிறவரை வெல்டர் வெயிலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும் படிக்கட்டும் என்று இருந்தது அவருக்கு.